மடக்கெழுத்தாணி: நம்ம ஊர் பாக்கெட் கத்திக்கு ஏன் யாரும் காத்திருக்கவில்லை?

போன மாதம் ஒரு ராத்திரி பதினொன்றரை மணிக்கு லேப்டாப் முன்னாடி உட்கார்ந்து ஒரு கத்திக்காகக் காத்திருந்தேன். பக்கத்துத் தெருவில் ஒரு பனியன் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் குடிக்க எழுந்து வந்த வீட்டம்மா திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, ஊட்ல இருக்கற கத்தியே காய் அரியப் பத்தலையா? இதுக்குப் போயி கண்ணு முழிச்சுட்டு உக்காந்திருக்கீங்க" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை. இந்தக் கட்டுரை ஒரு வகையில் அவளுக்கான பதில்தான், கொஞ்சம் தாமதமாக.

நான் காத்திருந்தது மடக்குக் கத்திக்கு. மூடினால் ஒரு விரல் நீளம், மாட்டு எலும்பில் பிடி. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் டைட்டஸ்வில் என்று ஒரு சின்ன ஊர். 1859இல் எட்வின் டிரேக் எண்ணெய்க் கிணறு தோண்டியதால் உலகத்துக்குத் தெரிந்த ஊர். அங்கே 2006இல் ஆரம்பித்த கிரேட் ஈஸ்டர்ன் கட்லரி என்ற சின்னத் தொழிற்சாலை, நூறு வருஷத்துக்கு முந்தைய மாதிரிகளைப் பழைய முறையிலேயே செய்கிறது. அடுத்து எந்த மாதிரி வரப்போகிறது என்று முன்கூட்டியே பட்டியல் போடுவார்கள். பதினைந்தாம் நம்பர் என்றால் 'பாய்ஸ் நைஃப்', எழுபத்தேழு என்றால் பார்லோ. ஒவ்வொன்றிலும் கொஞ்சம்தான் செய்வார்கள். கடைக்கு வந்த சில நிமிஷத்தில் தீர்ந்துபோகும். அதற்கப்புறம் அதே கத்தியை வேறொருத்தரிடம் கூடுதல் விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

இந்தக் காத்திருப்பு எனக்கு ரொம்பப் பழக்கமான விஷயம். இருபது வருஷமாக சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறேன். ரிலீஸ் தேதி, வெர்ஷன் நம்பர், அடுத்ததில் என்ன வருகிறது என்ற எதிர்பார்ப்பு எல்லாம் தினமும் பார்க்கிறதுதான். ஆனால் எனக்கு உறைத்தது வேறு. ஒரு பொருளுக்காக ஜனங்கள் காத்திருக்க வேண்டுமானால், முதலில் அந்தப் பொருளுக்கு ஒரு பெயரும் ஒரு நம்பரும் ஒரு வருஷமும் இருக்க வேண்டும்.

அமெரிக்கர்கள் இதை எப்படிச் செய்தார்கள் என்று பாருங்கள். கேஸ் என்ற கம்பெனி 1889இல் தொடங்கியது. அவர்கள் கத்தியின் அடிப்பகுதியில் 6347 என்று ஒரு எண் இருக்கும். முதல் எண்ணான 6, பிடி எலும்பு என்கிறது. 3 என்றால் மூன்று அலகு. மீதி 47 என்பது மாதிரியின் எண். 1970இல் இன்னொரு வேலை செய்தார்கள். முத்திரைக்குக் கீழே பத்துப் புள்ளி வைத்தார்கள். 1971இல் ஒன்பது, 1972இல் எட்டு. இப்படி வருஷத்துக்கு ஒரு புள்ளி குறைந்துகொண்டே போகும். ஐம்பது வருஷம் கழித்துத் தாத்தாவின் பெட்டியில் அந்தக் கத்தியை எடுக்கிற பேரன், புள்ளியை எண்ணிப் பார்த்து இது எந்த வருஷத்துக் கத்தி என்று சொல்லிவிடுவான். எங்கள் பாஷையில் சொன்னால் பில்ட் நம்பரை இரும்பிலேயே அடித்துவிட்டார்கள்.

இங்கிலாந்தில் இது இன்னும் பழசு. ஷெஃபீல்டில் கத்தி செய்கிறவர்களுக்கு என்று 1624இல் பார்லிமென்ட் சட்டம் போட்டு ஒரு சங்கம் அமைத்தது. ஒவ்வொரு கொல்லரும் தன் முத்திரையை அங்கே பதிந்துகொள்ள வேண்டும். ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனியின் நட்சத்திரமும் சிலுவையும் 1682இல் பதிவானவை. ஒரு கொல்லருடைய பெயர் முந்நூறு வருஷம் தாண்டி நிற்கிறது.

சரி, நம்ம பக்கம் வருவோம்.

பேனாவும் கத்தியும்

சின்ன மடக்குக் கத்தியை நாம் 'பேனாக்கத்தி' என்கிறோம். பேனாவுக்கும் கத்திக்கும் என்ன சம்பந்தம் என்று நான் நாற்பது வயதுவரை யோசித்ததே இல்லை. ஐரோப்பாவில் வாத்து இறகை வெட்டி அதை மையில் தோய்த்து எழுதிய காலத்தில், இறகு நுனி அடிக்கடி மழுங்கும். அதைச் சீவிக்கொள்ள எழுதுகிறவர் கையில் எப்போதும் ஒரு சின்னக் கத்தி இருக்கும். அதுதான் பென் நைஃப். அந்தப் பெயரை நாம் அப்படியே தமிழாக்கிக்கொண்டோம்.

இந்தப் பென் நைஃபுக்கும் இந்திய இரும்புக்கும் ஒரு கதை உண்டு. 1794இல் பம்பாயிலிருந்து டாக்டர் ஹெலினஸ் ஸ்காட் என்பவர் லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு 'வூட்ஸ்' என்ற எஃகு மாதிரிகளை அனுப்பினார். அந்தப் பெயர் கன்னட, தெலுங்கு 'உக்கு' என்ற சொல்லிலிருந்து போனது என்பார்கள். நம்ம 'உருக்கு' அதற்கு உறவு. அடுத்த வருஷம், 1795இல், ஜார்ஜ் பியர்சன் இதை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். அதில்தான் அந்தச் செய்தி வருகிறது: ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற லண்டன் கத்திக்காரரிடம் பேங்க்ஸ் ஒரு துண்டைக் கொடுத்துச் செய்யச் சொன்னது வாளும் இல்லை, கோடாலியும் இல்லை. ஒரு பென் நைஃப்.

அடித்து நீட்டுவதற்குள் ஸ்டோடார்ட் திணறியிருக்கிறார். ஆனால் கூர் பிரமாதமாக வந்தது. பல வேலைகளுக்கு இங்கிலாந்து எஃகைவிட இதுவே மேல் என்று சொல்லிவிட்டார். பிறகு தன் கடை விளம்பர அட்டையிலேயே வூட்ஸ் எஃகைப் போட்டுக்கொண்டார். சில வருஷம் கழித்து மைக்கேல் ஃபாரடேயோடு சேர்ந்து எஃகுக் கலவைகளை ஆராய்ந்து 1820லும் 1822லும் கட்டுரைகள் வெளியிட்டார். மின்சார ஃபாரடேயேதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அந்த 1794 மாதிரியைக் கொண்டுபோய் நம்ம கொடுமணலோடு முடிச்சுப் போட்டுவிடக் கூடாது. சென்னிமலைக்கு மேற்கே நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் 1985க்குப் பிறகு நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும் மூசைகளும் கிடைத்தன. பதிற்றுப்பத்து 'கொடுமணம்' என்று சொல்லும் ஊர் அது. ஆனால் அதற்கும் லண்டன் கத்திக்கும் நடுவில் சுமார் இரண்டாயிரம் வருஷம் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வருகிற மாதிரி "ஃபாரடேக்கே எஃகு கொடுத்தவன் தமிழன்" என்று எழுத எனக்கு மனசு வரவில்லை.

உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. பரங்கிப்பேட்டையில் 1830களில் இரும்பு ஆலை நடத்திய ஜோசையா மார்ஷல் ஹீத், சேலம் பக்கத்துக் கொல்லர்கள் எஃகு செய்வதை நேரில் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். களிமண் மூசையில் இரும்புத் துண்டுகளைப் போட்டு, கூடவே காய்ந்த ஆவாரங்குச்சியை வைத்து, மேலே எருக்கிலையை மூடி, மூசையின் வாயை மண்ணால் பூசிவிடுவார்கள். இப்படி இருபது, இருபத்துநாலு மூசைகளை உலையில் அடுக்கி, ஆட்டுத்தோல் துருத்தியால் இரண்டரை மணி நேரம் ஊதுவார்கள். ஆவாரையும் எருக்கும் கரியாகி அந்தக் கரி இரும்புக்குள் போய் எஃகாகும். டைட்டஸ்வில்காரர்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் 1095 எஃகில் கரி ஏறக்குறைய ஒரு சதவீதம். வூட்ஸில் அது ஒன்றரைப் பக்கம் போகும்.

காங்கயம் ரோட்டில் வண்டியில் போகும்போது ரெண்டு பக்கமும் ஆவாரஞ்செடி பூத்து நிற்பதைப் பார்த்தால் இப்போதெல்லாம் எனக்குப் பொங்கல் காப்புக்கட்டு ஞாபகம் வருவதில்லை. மூசைதான் ஞாபகம் வருகிறது.

இரண்டும் ஒன்றில்

ஐரோப்பாவில் எழுதுகோல் வேறு, அதைச் சீவும் கத்தி வேறு. நம்மிடம் இரண்டும் ஒரே பொருளாக இருந்தது. அதன் பெயர் மடக்கெழுத்தாணி.

உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திரம்' எழுதும்போது எழுத்தாணி வகைகளைச் சொல்கிறார். தலை கனத்துக் குட்டையாக இருப்பது குண்டெழுத்தாணி. மேல்பக்கம் ஓலையை வாரச் சின்னக் கத்தி வைத்தது வாரெழுத்தாணி. பிடிக்குள் மடங்கிக்கொள்வது மடக்கெழுத்தாணி. ஒரு பக்கம் திறந்தால் ஓலை ஓரத்தைச் சீவக் கத்தி. மறுபக்கம் திறந்தால் எழுத ஊசி. வேலை முடிந்தால் இரண்டையும் மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பலாம். இதைவிடக் கச்சிதமான பாக்கெட் கத்தி ஷெஃபீல்டிலும் இருந்திருக்காது.

அப்புறம் எழுதும் முறையே மாறியது. பர்மிங்ஹாமில் 1820, 30களில் எஃகு நிப்பை ஆலையில் வைத்து லட்சக்கணக்கில் செய்ய ஆரம்பித்தார்கள். வாத்து இறகுக்கு வேலை போனது. இறகைச் சீவிய கத்திக்கும் வேலை போயிருக்க வேண்டும். ஆனால் போகவில்லை. பழம் நறுக்க, கயிறு அறுக்க, பையன்களுக்குப் பிறந்தநாளுக்குக் கொடுக்க என்று வேறு வேலை தேடிக்கொண்டது. இங்கே ஓலை போய்க் காகிதம் வந்தபோது மடக்கெழுத்தாணி அப்படித் தப்பிக்கவில்லை. பாதி உடம்பு எழுத்தாணி என்பதால், எழுத்தாணி செத்தபோது கத்தியும் கூடவே செத்தது.

இது ஒரு காரணம். இன்னொரு காரணம் நான் முன்னால் சொன்னது. அதில் பெயர் இல்லை. எந்த ஊர்க் கொல்லர் செய்தார், எந்த வருஷம் என்று ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தால், அடுத்த தலைமுறைக்கு அது வெறும் இரும்பு. இரும்புக்கு ஒரே விலைதான் உண்டு, கிலோ விலை.

இதை எனக்குச் சொல்ல அருகதை இருக்கிறதா என்று தெரியவில்லை. ஏனென்றால் ஒன்றை எடைக்குப் போட்டவன் நான்தான்.

எங்கள் அப்புச்சியின் தகரப் பெட்டியில் ஒரு மடக்குக் கத்தி இருந்தது. கறுத்துப்போன மரப்பிடி. ஒரு பக்கம் தேய்ந்த கத்தி, மறுபக்கம் கோணூசி மாதிரி ஒரு கம்பி. அப்புச்சியின் தாத்தா ஓலையில் கணக்கு எழுதினவர் என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சையும் இந்தக் கத்தியையும் நான் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததே இல்லை. லீவுக்குப் போனால் அதை எடுத்துத்தான் மாங்காய் வெட்டுவோம். சாக்குத் தைக்கிற ஊசி என்று அம்மாயியே நினைத்திருந்தார்கள். 2004இல் ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி கட்டினோம். பரணில் கிடந்ததையெல்லாம் இறக்கிப் பழைய இரும்புக்காரரின் தள்ளுவண்டியில் போட்டது என் கை. "சாமி, அதொண்ணு இருக்கட்டும், எங்கய்யன் வெச்சிருந்தது" என்று அப்புச்சி திண்ணையிலிருந்து சொன்னார். "துருப்புடிச்சுக் கெடக்குதுங்க அப்புச்சி, புதுசு வாங்கித் தர்றேன்" என்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை. நான் வாங்கியும் தரவில்லை.

ஏழெட்டு வருஷம் கழித்து உ.வே.சா. புத்தகத்தில் அந்தப் பத்தியைப் படித்த ராத்திரிதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று புரிந்தது. அதற்குள் அப்புச்சி போய்விட்டார்.

கத்தி சேர்க்கிற பழக்கம் அதற்கப்புறம்தான் வந்தது. இத்தனை நாள் இதைப் பொழுதுபோக்கு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன ஐப்பசியில் காங்கயம் பக்கம் ஒரு ஆசாரியைப் போய்ப் பார்த்தேன். அரிவாள், களைக்கொத்து, கதிர் அரிவாள் செய்கிறவர். ஞாபகத்திலிருந்து வரைந்த படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது செய்யலாமுங்க. கத்தி நிக்கறது ஆணி இறுக்கத்துலதான் இருக்குது, அதுதான் வேலை" என்றார். லாரிப் பட்டையில் கத்தி, பிடிக்கு வேலாமரம் என்று பேசிக்கொண்டோம். கடைசியில், கத்தி அடியில் உங்கள் பெயரும் வருஷமும் பொறிக்க வேண்டும் என்று கேட்டேன். சிரித்துவிட்டார். "எம்பேரு எதுக்குங்க? வாங்கறவங்க பேரைத்தான் போடுவோம், பாத்திரத்துல போடறாப்பல." நான் விடவில்லை. கொஞ்சம் யோசித்து, "சரி, இனிஷியல் மட்டும் போடறேன்" என்றார். எப்போது கிடைக்கும் என்று கேட்டதற்கு, "தை கழியட்டும், அறுப்பு வேலை நெறைய இருக்குது" என்றார்.

அமெரிக்கக் கத்தி அன்று ராத்திரி எனக்குக் கிடைக்கவில்லை. பெட்டியில் போட்டுப் பணம் கட்டுவதற்குள் தீர்ந்துவிட்டது. வழக்கமாக இரண்டு நாள் புலம்புவேன், இந்த முறை அவ்வளவாக வருத்தம் இல்லை. தை எப்போது கழியும் என்று காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டுப் பரணில் ஒரு பக்கம் கத்தியும் ஒரு பக்கம் ஊசியுமாக மடங்குகிற ஏதாவது கிடந்தால், தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். துருவைச் சுரண்டவும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு தடவி, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து, திறந்தும் மூடியும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். பொருள் உங்களிடமே இருக்கட்டும். அது யாருடையது, எந்த ஊர் என்று வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்தால் அதை இன்றைக்கே கேட்டு எழுதிவையுங்கள். நான் கேட்காமல் விட்டது அதைத்தான்.