தியத்தலாவைக் கல்லும் தேயிலை முத்திரையும்

பதுளையில் படித்தவர்களுக்குச் சென். மார்க் தேவாலயத்தைத் தெரியாமல் இராது. 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த மேஜர் ரோஜர்ஸ் என்ற படை அதிகாரியின் நினைவாக எழுந்தது அது. ஆயிரத்துக்கு மேல் யானைகளைச் சுட்டவர் என்றுதான் நாம் அவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். துரைமாருக்கு ஞாபகச் சின்னம் வைத்ததில் வியப்பில்லை.

எனக்கு வியப்பாக இருந்தது தியத்தலாவை. தென்னாபிரிக்காவில் பிரித்தானியரை எதிர்த்துப் போரிட்டுப் பிடிபட்ட போயர் வீரர்களை 1900 ஆகஸ்ட் முதல் கப்பலில் கொழும்புக்குக் கொண்டுவந்து, ரயிலேற்றி அங்கே அனுப்பினார்கள். சுமார் 5,000 பேர் தகரக் கொட்டகைகளில் இருந்தனர். 'முட்கம்பி' என்று பொருள்படும் பெயரில் சொந்தமாக ஒரு பத்திரிகைகூட நடத்தினர். நெருப்புக் காய்ச்சல் பலரைக் கொண்டுபோயிற்று. இறந்தவர்களுக்குத் தியத்தலாவையில் நினைவுத்தூண் உண்டு, பெயர்களும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இத்தனைக்கும் அவர்கள் எதிரிப் படையின் கைதிகள்! முகாமிலிருந்து தணிக்கைக் குறியோடு போன கடிதங்களை இன்றும் முத்திரை சேகரிப்போர் தேடி வாங்குகிறார்கள்.

முத்திரை என்றதும் எங்கள் லயத்து வீட்டில் இருந்த பிஸ்கட் டின் ஞாபகம் வருகிறது. அப்பா அதில் சேர்த்து வைத்திருந்தவற்றில் ஒன்று, 1930களில் வெளிவந்தது. ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் தலையும் கொழுந்து பறிக்கும் காட்சியும் அதில் இருக்கும்.

"இது யாருப்பா?" என்று கேட்டேன்.

"நம்ம அப்பாயி மாதிரி யாரோ" என்றார்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய அரசு இலங்கைத் தேயிலையை மொத்தமாக வாங்கியது. போர்முனைச் சிப்பாய்க்கும் அது போயிற்று. ஊவாத் தோட்டங்களில் அதைப் பறித்த பெண்களின் பெயர் செக்ரோலில் ஏறியதோடு சரி. ஆறாம் ஜோர்ஜ் காலத்து முத்திரையிலும் கொழுந்து பறிக்கும் படம் தொடர்ந்தது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியபோதும், அந்தப் படத்தை ஒட்டித்தான் கடிதங்கள் போய்க்கொண்டிருந்தன. பிறகு எத்தனை அப்பாயிமார் தலைமன்னாரில் கப்பலேறினார்கள் என்பது உங்கள் வீடுகளிலும் தெரிந்த கதை.

எங்கள் அப்பாயியின் பெயர் காளியம்மா. அவருக்குக் கல்லறை இல்லை. தேயிலை மலைச் சரிவில் ஓரிடத்தை அப்பா காட்டினார், இப்போது அங்கேயும் செடி.

இம்மலரைப் படிக்கும் சகோதரிகள் தங்கள் அப்பாயி, அம்மாயியின் பெயரையும், வேலை செய்த தோட்டத்தையும், டிவிஷனையும் ஒரு தாளில் எழுதிச் சங்கச் செயலாளரிடம் கொடுங்கள். எழுத்துப் பிழை இருந்தாலும் பரவாயில்லை.