ரோடினுக்கு மூணு சான்ஸ், அவங்களுக்கு?

பாரிஸ்ல போனபார்த் தெரு வழியாத்தான் தினமும் வகுப்புக்குப் போறேன். வழியில எக்கோல் தே போஸார். 1648-ல் தொடங்கின அரச கலைக்கழகத்தின் வழிவந்த நுண்கலைப் பள்ளி.

ரோடின் இங்கே மூணு தடவை நுழைவுத்தேர்வு எழுதி மூணுலயும் ஃபெயில்ங்கிற கதை நிறையப் பேருக்குத் தெரிஞ்சிருக்கும். அவரை எழுதவாவது விட்டாங்களே! பெண்களுக்கு அதுவும் கிடையாது. பின்னாடி ரோடின்கிட்டயே சிற்பம் கத்துக்கிட்ட கமீல் க்ளோதேல், 1880-களில் பாரிஸ் வந்தப்போ காசு கட்டித் தனியார் பயிற்சிக்கூடத்துலதான் சேர முடிஞ்சுது. போஸார்ல படிப்பு இலவசம், ஆனா ஆண்களுக்கு மட்டும். பெண்களை விடாததுக்குச் சொன்ன பெரிய சாக்கு, நிர்வாண மாடலைப் பார்த்து வரையற வகுப்பு.

எலேன் பெர்த்தோங்கிற சிற்பி 1881-ல் பெண் கலைஞர்களுக்குன்னு சங்கம் ஆரம்பிச்சு, விடாம மல்லுக்கட்டினாங்க. 1897-ல் கதவு திறந்தது. முதல் மாணவிகள் உள்ளே வந்ததும் பையன்கள் ஒரே ரகளை! அரசு செலவில் ரோமில் தங்கிப் பயிலற ரோம் பரிசுப் போட்டியிலும் 1903-ல் இடம் கிடைச்சுது. 1911-ல் லூசியென் ஹ்யூவெல்மான் சிற்பத்துக்கான முதல் பரிசையே தட்டிட்டாங்க.

அதைப் பார்க்க பெர்த்தோ இல்லை. 1909-லயே காலமாயிட்டாங்க. இப்பல்லாம் அந்தக் கேட்டைத் தாண்டறப்போ ரோடின் இல்லை, அவங்கதான் ஞாபகத்துக்கு வர்றாங்க.