அர்பாத் சுவரின் வம்சாவளி

1990 ஆகஸ்ட் 15 அன்று லாத்வியாவின் துகும்ஸ் நகருக்கு அருகே விக்தர் சோய் ஓட்டிச் சென்ற மஸ்க்விச் கார், எதிரே வந்த இக்காரஸ் பேருந்தில் மோதியது. ஓட்டும்போதே கண்ணயர்ந்துவிட்டார் என்று விசாரணை முடிந்தது. ‘கினோ’ ராக் குழுவின் பாடகருக்கு அப்போது வயது 28. அவர் அடக்கம் செய்யப்பட்ட லெனின்கிராட் கல்லறைத் தோட்டத்தில் ரசிகர்கள் கூடாரம் அடித்துத் தங்கினார்கள். மாஸ்கோவில் அர்பாத் தெருவை ஒட்டிய சந்தொன்றின் சுவர் எழுத்தால் நிறைந்தது. அதில் நிலைத்துப்போனது ‘சோய் உயிரோடு இருக்கிறார்’ என்ற வாசகம். ஒரு நாடே ஆட்டங்கண்டிருந்த நேரத்தில் இளசுகளுக்குப் பிடித்த வெறி என்று இதை ஒதுக்கிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இது நன்றாகப் பழகிய கைகள் செய்த காரியம்.

பழக்கம் எங்கிருந்து வந்தது? சோவியத் ராக் இசையைப் பரப்பியவர்கள் ரசிகர்கள்தான். 1982-ல் வந்த கினோவின் முதல் ஆல்பம் கடையில் விற்கவில்லை. ஒருவர் நாடாவில் பதிய, அவரிடம் வாங்கி இன்னொருவர் பதிய, அப்படியே ஊர் ஊராகப் போனது. அரசின் ‘மெலோதியா’ நிறுவனம் அவர்களுடைய ‘இரவு’ ஆல்பத்தை 1988-ல் இசைத்தட்டாக வெளியிட்டபோது அது ஏற்கெனவே நாடாக்களில் சுற்றிக்கொண்டிருந்தது. பாட்டைப் பிழைக்க வைத்ததே தாங்கள்தான் என்றிருந்தவர்கள், பாடியவரின் நினைவுக்கு மட்டும் யாருடைய உத்தரவுக்குக் காத்திருப்பார்கள்? முன்னுதாரணமும் இருந்தது. 1980 ஜூலையில், மாஸ்கோ ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்தபோது, விளாதிமிர் விசோத்ஸ்கி இறந்தார். பத்திரிகைகள் சில வரிகளோடு நிறுத்திக்கொண்டன. அப்படியும் அவர் நடித்த தகான்கா நாடக அரங்கின் முன் பல்லாயிரம் பேர் கூடினார்கள். அவருடைய பாட்டும் நாடாவில் கைமாறி வளர்ந்ததுதான்.

பிராகில் ஜான் லெனனுக்காக எழுந்த சுவரின் நகல்தானே இது என்று கேட்கலாம். சாயல் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ‘உயிரோடு இருக்கிறார்’ என்ற அந்த அடித்துச் சொல்லும் தொனியைக் கற்க அர்பாத் இளைஞர்கள் பிராகுக்குப் போகவேண்டியதில்லை. லெனினுக்குச் சாவில்லை என்பது பள்ளிக்கூடச் சுவரிலிருந்து ஊர்வலப் பதாகைவரை அவர்கள் பார்த்துப் பார்த்துச் சலித்த முழக்கம். அந்த இலக்கணத்தை அப்படியே எடுத்து, கொதிகலன் அறையில் கரி அள்ளிப் போட்டுப் பிழைத்த ஒரு பாடகருக்குச் சூட்டினார்கள். கேலியா, பக்தியா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். ஒரு பெரிய வேறுபாடும் உண்டு. செஞ்சதுக்கத்தில் கிடந்த லெனின் உடலைக் காக்க அரசிடம் ஆய்வுக்கூடம் இருந்தது, காவல் இருந்தது. அர்பாத் சுவருக்கு அப்படி எதுவும் கிடையாது. 2006-ல் சிலர் அதன்மேல் சாயம் பூசி மறைத்தார்கள். ரசிகர்கள் திரும்ப எழுதினார்கள். நாடாவில் ஒலி மங்கினால் மறுபடி பதிவதைப் போலத்தான்.

அப்படியானால் இது துக்கம் என்ற பெயரில் நடந்த அரசியல்தானா? ‘மாற்றங்கள்’ பாடலைக் காட்டி அப்படி வாதிடுவோர் உண்டு. 1987-ல் எடுக்கப்பட்ட ‘அஸ்ஸா’ படம் முடிகிற இடத்தில் சோய் அதைப் பாடுகிறார். பெரெஸ்த்ரோய்க்கா என்ற சீர்திருத்தக் காலம் அதைத் தன் கீதமாக்கிக்கொண்டது. இந்த வாசிப்பு பிழையல்ல, அரைகுறை. பாட்டுக்கு அரசியல் பொருளை ஏற்றியதில் பாடியவரைவிடக் கேட்டவர்களின் பங்கு பெரிது. நினைவும் அதே கைகளில்தான் இருந்தது. எந்தத் தருணத்தில் எந்தப் பொருளை வெளியே எடுப்பது என்பதை அவர்களே முடிவுசெய்தார்கள். 2020 ஆகஸ்டில், பெலாரூஸ் அதிபர் தேர்தலுக்குச் சற்று முன்பு, மின்ஸ்க் நகரில் அரசு ஏற்பாடு செய்த நிகழ்ச்சி ஒன்றில் ஒலிபரப்புப் பொறுப்பிலிருந்த இருவர் திடீரென்று அந்தப் பாடலை ஒலிக்கவிட்டார்கள். ஆளுக்குப் பத்து நாள் சிறை கிடைத்தது.