‘வெட்’ என்னும் வினை

ஆங்கில நாவலை மொழிபெயர்க்கிறவர் ‘வெட்’ என்ற வினை வந்ததும் ‘மணந்தான்’ என்று எழுதிவிட்டு மேலே போகிறார். தவறில்லை. ஆனால் அந்தச் சொல்லின் அடியில் மணமோ காதலோ கிடையாது, இருப்பது ஈடு. பழைய ஆங்கிலத்தில் அது பிணைப்பொருளின் பெயர். வினையாகும்போது, பிணை கொடுத்து வாக்குறுதி செய்வது. இதே வேர் ஜெர்மன் மொழியில் பந்தயத்தைக் குறிக்கிறது. பிரெஞ்சுக்குள் போய்த் திரும்பி, கூலியைக் குறிக்கும் ‘வேஜ்’, அடமானமான ‘மார்ட்கேஜ்’, நிச்சயதார்த்தமான ‘என்கேஜ்மென்ட்’ ஆகியவற்றிலும் ஒளிந்திருக்கிறது. கல்யாணமும் அடமானமும் ஒரே குடும்பம் என்பது கிண்டல் அல்ல, சொல்லின் சரித்திரம்.

யார் யாருக்குப் பிணை கொடுத்தார்கள் என்பதுதான் கேள்வி. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்ட் அரசன் ஏதெல்பெர்ட்டின் சட்டம் பெண்ணை விலைக்கு வாங்குவதைப் பற்றியே பேசுகிறது. பேரத்தில் மோசடி இருந்தால் அவளைத் திருப்பி விட்டுப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். நார்மன் படையெடுப்புக்கு முன் எழுதப்பட்ட, பெண்ணை நிச்சயம் செய்வது பற்றிய ஒரு சிறு சட்டக் குறிப்பில் நிலைமை மாறியிருக்கிறது. அவளுக்கும் சம்மதமாக இருக்க வேண்டும். ஆனால் மாப்பிள்ளை வாக்குக் கொடுப்பது அவளுக்காகப் பேசுகிறவர்களிடம். ஜாமீன் நிற்பது அவன் நண்பர்கள். அவளை வளர்த்ததற்கான தொகை யாரைச் சேரும் என்பதும் முடிவாகிறது. அவளை ஒப்படைப்பது இதற்கெல்லாம் பிறகு. முன்னால் நடந்த பேச்சின் பெயர் பின்னால் நடந்த கல்யாணத்தையும் விழுங்கிவிட்டது.

12ஆம் நூற்றாண்டில், போப் மூன்றாம் அலெக்ஸாண்டர் காலத்தில், இருவர் சொல்லும் சம்மதமே கல்யாணம் என்பது திருச்சபைச் சட்டமாக நிலைபெற்றது. பிணை உறவினர் கையிலிருந்து இருவர் வாய்க்கு வந்தது. சமமாக அல்ல. 1549இன் ஆங்கிலப் பொது ஜெபப் புத்தகத்தில் இருவரும் விசுவாச உறுதி சொல்கிறார்கள். மோதிரத்தை அணிவித்து ‘வெட்’ என்று உச்சரிப்பவன் ஆண் மட்டும். அவள் செயப்படுபொருள். அதே மூச்சில் தன் உலகப் பொருளையெல்லாம் அவளுக்கு அளிப்பதாகவும் அவன் சொல்வான். சட்டம் செய்ததோ நேர்மாறு. 1870, 1882ஆம் வருஷத்துச் சொத்துச் சட்டங்கள் வரும்வரை அவளுடைய பணமும் அசையும் பொருள்களும் அவனுடையவை.

பேச்சும் எழுத்தும் பெண்ணை இந்த வினையின் எழுவாயாக வெகு காலம் முன்பே ஏற்றுக்கொண்டுவிட்டன. இன்றைய பத்திரிகைத் தலைப்பில், இடச் சிக்கனத்துக்காக வரும் ‘வெட்’டுக்குச் செயப்படுபொருளே இல்லை, இருவரும் எழுவாய். சடங்குதான் தயங்கியது. 1980இல் இங்கிலாந்துத் திருச்சபை புதிய வழிபாட்டு நூலை வெளியிட்டபோது, மோதிரத்தைப் பெண்ணும் கொடுக்கலாம் என்று வந்தது. ஆனால் அந்த வினை அவளுக்குக் கொடுக்கப்படவில்லை. இருவரிடமிருந்தும் அது எடுக்கப்பட்டுவிட்டது.