தரையைத் தொட்டபின் சிறிய விமானங்கள் திசை தவறுவது ஏன்?

மைசூரு: பயிற்சி விமானிகள் பறக்கப் பழகும் மைசூரு மண்டகள்ளி விமான நிலைய ஓடுதளம் கிழக்கு மேற்காக 1,740 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது.

தென்மேற்குக் காற்று சாய்வாக வீசினால், வாலின் செங்குத்துப் பரப்பில் மோதி, விமானத்தின் மூக்கைக் காற்று வரும் திசைக்குத் திருப்பும். வேகம் குறையும்போது சுக்கானின் பலனும் குறைகிறது. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் 10 பாகை விலகினால், நடுக்கோட்டிலிருந்து ஓடுதள விளிம்பை எட்ட சுமார் 3 விநாடிகளே ஆகும். பதற்றத்தில் ஒருபக்க பிரேக்கை அழுத்தினால் விமானம் சுழன்றுவிடக்கூடும்.

எனவே காற்று வரும் பக்க இறக்கையைத் தாழ்த்தி, எதிர்ப்பக்கச் சுக்கான் மிதியால் திசையைக் காக்க வேண்டும். தொடுவதற்கு முன்பே நடுக்கோடு தவறினால், தரையிறக்கத்தைக் கைவிட்டு மீண்டும் மேலெழுவதே பாதுகாப்பானது. விமானம் நிற்கும்வரை தரையிறக்கம் முடிவதில்லை.