காலின்ஸ் வகை நீர்மூழ்கிக் கப்பல்கள்

ஆஸ்திரேலியக் கடற்படையின் ஆறு டீசல்-மின் நீர்மூழ்கிகள் இவ்வகையைச் சேர்ந்தவை. சுவீடனின் கொக்கும்ஸ் நிறுவனம் வடிவமைக்க, தெற்கு ஆஸ்திரேலியாவில் அடிலெய்டை அடுத்த ஆஸ்பர்ன் தளத்தில் கட்டப்பட்டன. முதல் கப்பலான காலின்ஸ் 1996-லும் கடைசிக் கப்பலான ராங்கின் 2003-லும் பணியில் சேர்ந்தன. நீளம் 77.4 மீட்டர், அகலம் 7.8 மீட்டர், இடப்பெயர்ச்சி நீர்ப்பரப்பில் 3,051 டன், மூழ்கிய நிலையில் 3,353 டன். முதலில் 42 பேருக்கென வகுக்கப்பட்ட மாலுமிக் குழு பின்னாளில் 58 ஆனது. தளம், மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த் அருகே கார்டன் தீவிலுள்ள ஸ்டிர்லிங் கடற்படைத் தளம்.

முன்வரலாறு

ஆஸ்திரேலியாவின் முதல் நீர்மூழ்கிகளான ஏஇ1, ஏஇ2 இரண்டும் முதல் உலகப்போரின் தொடக்கத்திலேயே மறைந்தன. 1914 செப்டம்பரில் காணாமற்போன ஏஇ1, 2017 டிசம்பரில்தான் பப்புவா நியூகினியைச் சேர்ந்த டியூக் ஆஃப் யார்க் தீவுகளருகே கண்டெடுக்கப்பட்டது. அடுத்து வந்த ஜே வகைக் கப்பல்களும் ஆக்ஸ்லி, ஓட்வே இணையும் சில ஆண்டுகளே நீடித்தன. நிலையான நீர்மூழ்கிப் படை, 1960-களிலும் 70-களிலும் ஸ்காட்லாந்தின் கிரீனாக்கில் கட்டி வாங்கிய ஆறு ஓபரான் வகைக் கப்பல்களோடுதான் தொடங்கியது. அவற்றைக் கட்டியவர்கள் உலகின் மறுகோடியில் இருந்தார்கள். உதிரிப்பாகம் ஒன்று பழுதானால் பிரிட்டனுக்கு எழுதிக் காத்திருக்க வேண்டும். அடுத்த தலைமுறைக் கப்பலை உள்நாட்டிலேயே கட்டவேண்டும் என்ற எண்ணத்துக்கு இந்த அனுபவமே வித்திட்டது.

தேர்வும் ஒப்பந்தமும்

1980-களின் நடுவில் ஐரோப்பிய நிறுவனங்கள் பல போட்டியிட்டன. இறுதிச் சுற்றில் ஜெர்மனியின் எச்டிடபிள்யூவும் சுவீடனின் கொக்கும்ஸும் நின்றன. 1987 மே மாதம் கொக்கும்ஸின் 471 வடிவம் தேர்வானது. ஜூன் 3-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆறு கப்பல்களுக்கு ஏறத்தாழ 390 கோடி ஆஸ்திரேலிய டாலர். வேலையில் குறைந்தது 70 விழுக்காடு ஆஸ்திரேலியாவில் நடக்கவேண்டும் என்பது நிபந்தனை. இதற்கென 1985-இல் அமைந்த கூட்டு நிறுவனமே ஏஎஸ்சி எனப்படும் ஆஸ்திரேலிய நீர்மூழ்கி நிறுவனம்.

பின்னால் எழுந்த சிக்கல்கள் பலவற்றின் வேர் இந்தத் தேர்வில் இருப்பதால் அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். கொக்கும்ஸ் அதுவரை கட்டியவை பால்டிக் கடலுக்கானவை. அது ஆழமற்ற கடல். சுவீடனின் கப்பல்கள் சில நாள் ரோந்து முடிந்ததும் துறைமுகம் திரும்பிவிடும். 471-க்கு அடிப்படையாக அமைந்த வெஸ்டர்யோட்லாந்து வகையின் நீளம் 48.5 மீட்டர், எடை 1,100 டன் அளவு. ஆஸ்திரேலியா கேட்டதோ 10 நாட் வேகத்தில் 11,500 கடல் மைல் போய்வரக்கூடிய, எழுபது நாள் கடலில் தங்கக்கூடிய கப்பல். எடை ஏறத்தாழ மூன்று மடங்கானது. உருவத்தைப் பெருக்கும்போது நீரோட்டத்தின் போக்கு, அதிர்வு, சத்தம் எதுவும் அதே விகிதத்தில் பெருகாது. கையிலிருந்த வடிவத்தைப் பெரிதாக்கியது என்று சொல்வதைவிடப் புதிய கப்பலை முதன்முறையாக வடிவமைத்தது என்பதே உண்மைக்குப் பொருந்தும். சோதனைக் கப்பல் ஒன்றைக் கட்டிப் பார்க்காமலே ஆறுக்கும் கையெழுத்திட்டது சரியா என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. ஆறே கப்பல் வாங்கும் நாட்டுக்கு அந்த வசதி கிடையாது என்பது ஒரு சாராரின் வாதம்.

கட்டுமானம்: 1989–2003

போர்ட் ஆற்றங்கரையில் வெற்று நிலமாகக் கிடந்த ஆஸ்பர்னில் 1989-இல் தளம் திறக்கப்பட்டது. நீர்மூழ்கி கட்டிய அனுபவம் அங்கே யாருக்கும் இல்லை. ஆனால் வேலையின் தரம், குறிப்பாக வெல்டிங், எதிர்பார்த்ததைவிட மேலாக அமைந்தது. சுவீடனின் எஃகைப் பின்பற்றி, பிஎச்பி நிறுவனமும் பிஸ் அலாய் நிறுவனமும் உள்நாட்டிலேயே புதிய உயர்வலிமை எஃகை உருவாக்கின. முதல் கப்பலின் சில பகுதிகள் மட்டும் முன்னனுபவத்துக்காக சுவீடனின் மால்மோவில் கட்டப்பட்டன. வெல்டிங் குறைகள் பெரும்பாலும் அந்தப் பகுதிகளில்தான் தென்பட்டன. கற்றுக்கொள்ள வந்த தளத்தின் கை, கற்றுக்கொடுத்த தளத்தின் கையைவிடச் சுத்தமாக இருந்ததைப் பின்வந்த ஆய்வுகள் பலவும் குறிப்பிடுகின்றன.

1993 ஆகஸ்ட் 28-இல் காலின்ஸ் நீரில் இறக்கப்பட்டது. அறிவித்த நாள் தவறக்கூடாது என்பதற்காக நடந்த விழா அது. வடிவமைப்பு வரைபடங்களே அப்போது முடிந்திருக்கவில்லை. உள்ளே குழாய்கள் பல பொருத்தப்படவில்லை. வெளிப்புறத்தில் திறந்து கிடந்த சில இடங்களை மரப்பலகையால் மூடிக் கறுப்புச் சாயம் பூசியிருந்தார்கள். விழா முடிந்ததும் கப்பல் மீண்டும் தளத்துக்கே போனது. பணியில் சேர்ந்தது 1996 ஜூலை 27-இல்.

கடலோட்டச் சோதனைகளில் குறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பட்டன. எரிபொருள் தொட்டிகளில் டீசல் குறையக் குறைய அந்த இடத்தைக் கடல்நீர் நிரப்பும். கப்பலின் எடை சமநிலை கெடாதிருக்க நீர்மூழ்கிகளில் கையாளும் முறை இது. காலின்ஸில் நீரும் டீசலும் சரியாகப் பிரியாமல், உப்புநீர் என்ஜின்வரை போய்த் துருப்பிடிக்க வைத்தது. என்ஜின்களோ சுவீடனின் ஹெடமோரா நிறுவனத்தின் 18 உருளை டீசல்கள், கப்பலுக்கு மூன்று. இந்த அமைப்பில் இவற்றைப் பயன்படுத்திய கடற்படை வேறெங்கும் இல்லாததால், பழுதுக்கு யாரிடமும் யோசனை கேட்க வழியில்லை. பெரிஸ்கோப்பை உயர்த்தியபடி வேகமெடுத்தால் அது அதிர்ந்து காட்சி கலங்கியது. சுழல்விசிறிகள் ‘சோனோஸ்டன்’ என்னும் கலவையில் வார்க்கப்பட்டவை. ஒலியை உள்வாங்கும் என்று தேர்ந்தெடுத்த அந்த உலோகத்தில் விரிசல் விட்டது.

சத்தமே பத்திரிகைகளில் அதிகம் அடிபட்டது. ராக் இசைக் கச்சேரிபோல் இரைகிறது என்று எழுதினார்கள். மெதுவாகப் போகையில் கப்பல் அமைதியானதே; வேகம் கூடும்போதுதான் முகப்பின் மேலும் கோபுரத்தைச் சுற்றியும் நீரோட்டம் சுழித்து இரைச்சல் எழுந்தது என்பது பொறியாளர்களின் விளக்கம். ஒப்பந்தம் கேட்ட அளவைவிடச் சத்தம் உண்மையிலேயே கூடுதலா, கடற்படை நடுவில் தன் எதிர்பார்ப்பை உயர்த்திக்கொண்டதா என்பதில் கட்டியவர்களும் வாங்கியவர்களும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய தோல்வி போர்க் கணினி அமைப்பு. சோனார், பெரிஸ்கோப், டார்பிடோ அனைத்தின் தரவுகளும் ஒரே வலையில் வந்து, எந்த மேசையிலிருந்தும் எந்த வேலையையும் செய்யலாம் என்பது ராக்வெல் நிறுவனத்தின் திட்டம். 1980-களின் நடுவில் அது மிகத் துணிச்சலான கனவு. மென்பொருள் எழுதி முடிப்பதற்குள், கடையில் வாங்கும் சாதாரணக் கணினிகளே அந்த வன்பொருளை முந்திவிட்டன. ஆயினும் ஒப்பந்தம் இறுகியிருந்ததால் விலகிவரவும் இயலவில்லை.

இந்தக் குறைகளுக்கிடையே, 1999 ஜூன் 14-இல் இவ்வகையைச் சேர்ந்த ஃபார்ன்கோம், மேற்கு ஆஸ்திரேலியக் கடலில் இலக்காக நிறுத்திய பழைய போர்க்கப்பல் டாரன்ஸை ஒரே மார்க் 48 டார்பிடோவால் இரண்டாகப் பிளந்து மூழ்கடித்தது. சில நாள் கழித்து, ஜூலைத் தொடக்கத்தில், மால்கம் மெக்கின்டாஷும் ஜான் பிரெஸ்காட்டும் அரசுக்காக எழுதிய அறிக்கை வெளியானது. போர்ப்பணிக்குத் தேவையான நிலையில் கப்பல்கள் இல்லை என்று அது தயக்கமின்றிச் சொன்னது. அதே அறிக்கை, அடிப்படை உடற்கட்டு நல்லது என்றும் குறைகள் தீர்க்கக்கூடியவை என்றும் கூறியதைச் செய்தித்தாள்கள் அதே அளவுக்கு எடுத்துச் சொல்லவில்லை.

திருத்தம் வேகமாகவே நடந்தது. இவ்வகையின் டெஷன்யூ, ஷீன் இரண்டையும் முதலில் சீர்செய்து 2001 பிப்ரவரி 23 அன்று ஒரே நாளில் பணியில் சேர்த்தார்கள். முகப்பிலும் கோபுரத்திலும் கண்ணாடியிழை உறைகளைப் பொருத்தியதும் இரைச்சல் வெகுவாகத் தணிந்தது. ராக்வெல் அமைப்பு கைவிடப்பட்டு, அமெரிக்கக் கடற்படையின் ஏஎன்/பிஒய்ஜி-1 பின்னர் படிப்படியாக ஏறியது. சுழல்விசிறிகளை ஆய்வுக்காக அமெரிக்காவுக்கு அனுப்பியது வடிவுரிமை மீறல் என்று கொக்கும்ஸ் வழக்காடியது. 2004-இல்தான் சமரசம் ஏற்பட்டது. அதற்கு முன்பே, 2000-இல், ஏஎஸ்சி முழுக்க அரசின் கைக்கு வந்திருந்தது.

2003 பிப்ரவரி 12-இல் டெஷன்யூ மேற்கு ஆஸ்திரேலியக் கடலில் தன் ஆழ எல்லையை ஒட்டிச் சென்றபோது கடல்நீர்க் குழாயின் நெகிழிணைப்பு வெடித்து, கீழ் மோட்டார் அறைக்குள் நீர் பீறிட்டது. மாலுமிகள் வால்வுகளை அடைத்துக் கப்பலை மேலேற்றினார்கள். இன்னும் இருபது விநாடி தாமதித்திருந்தால் மேலெழ முடியாத எடை ஏறியிருக்கும் என்று கணக்கிட்டார்கள். அதன்பின் இவ்வகை முழுவதற்கும் மூழ்கும் ஆழம் குறைக்கப்பட்டது.

பெயர்கள்

ஆறு கப்பல்களும் இரண்டாம் உலகப்போரின் ஆஸ்திரேலியக் கடற்படையினர் பெயரைத் தாங்குகின்றன. காலின்ஸ், ஃபார்ன்கோம், வாலர், டெஷன்யூ, ராங்கின் ஐவரும் அதிகாரிகள். டெடி ஷீன் மட்டும் சாதாரண மாலுமி, டாஸ்மேனியாக்காரர், வயது 18. 1942 டிசம்பர் 1-இல் திமோருக்குத் தெற்கே ஆர்மிடேல் கப்பல் ஜப்பானிய விமானத் தாக்குதலில் மூழ்கியபோது, காயத்தோடு விமான எதிர்ப்புப் பீரங்கியில் தன்னைக் கட்டிக்கொண்டு, நீரில் தத்தளித்த தோழர்களைக் காக்கச் சுட்டுக்கொண்டே மூழ்கினார். அவருக்கு விக்டோரியா சிலுவை கிடைத்தது 2020-இல். அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டு முன்பே அவர் பெயரில் ஒரு நீர்மூழ்கி கடலோடிக்கொண்டிருந்தது.

பயன்பாட்டுக்குக் கிடைத்தல்

கப்பலைக் கட்டுவதற்கு 1987-இல் காட்டிய அக்கறை, அதைக் கால் நூற்றாண்டுக்குப் பராமரிப்பதற்குக் காட்டப்படவில்லை. 25 ஆண்டுக்கான 350 கோடி டாலர் பராமரிப்பு ஒப்பந்தம் 2003 டிசம்பரில்தான் கையெழுத்தானது. முதல் கப்பல் பணியில் சேர்ந்து அப்போது ஏழாண்டு கழிந்திருந்தது. உதிரிப்பாகக் கையிருப்பு போதவில்லை. மேற்கு ஆஸ்திரேலியச் சுரங்கங்கள் தந்த சம்பளம் தொழில்நுட்ப மாலுமிகளை இழுத்துக்கொண்டதால், 2008-இல் மூன்று கப்பலுக்கான குழுவே தேறியது. அந்த ஆண்டு ஒதுக்கிவைக்கப்பட்ட ராங்கினிலிருந்து பாகங்களைக் கழற்றி மற்றவற்றுக்குப் பொருத்தினார்கள். அது மீண்டும் கடலுக்குப் போனது 2014-இல். 2009-இல் சில காலம் ஆறில் ஒன்றே ஒன்றுதான் கடலோடும் நிலையில் இருந்தது.

2011-இல் அரசு பிரிட்டனின் ஜான் கோல்ஸிடம் ஆய்வை ஒப்படைத்தது. 2012-இல் முடிந்த அவருடைய அறிக்கையில் பெரிய கண்டுபிடிப்பு எதுவும் கிடையாது; அதுவே அதன் சிறப்பு. கடற்படை, கொள்முதல் துறை, ஏஎஸ்சி மூன்றில் எது எதற்குப் பொறுப்பு என்று யாருக்கும் தெளிவில்லை என்றார். எட்டாண்டு ஓட்டம், மூன்றாண்டு முழுப் பழுதுநீக்கம் என்றிருந்த சுழற்சியைப் பத்தாண்டு, இரண்டாண்டு என்று மாற்றச் சொன்னார். அப்படி மாற்றினால் எந்நேரமும் ஒரு கப்பல் மட்டுமே முழுப் பழுதுநீக்கத்தில் இருக்கும். இரண்டாண்டுச் சுழற்சியில் முதலில் ஏறிய ஃபார்ன்கோமுக்கு உடலையே வெட்டித் திறந்து, கைக்கு எட்டாத இயந்திரங்களை வெளியே எடுத்து வேலை பார்த்தார்கள். 2016 வாக்கில் கப்பல்கள் கடலுக்குக் கிடைக்கும் நாட்கள் பன்னாட்டு அளவுகோலை எட்டின. இந்த முன்னேற்றத்தைப் பற்றி வெளிவந்த எழுத்து, 1990-களின் குறைகளைப் பற்றி வந்ததில் சிறு பங்குகூடத் தேறாது.

அண்மைக்காலம்

காலின்ஸ் வகைக்கு மாற்றாக 2016-இல் தேர்ந்தெடுத்த பிரெஞ்சு வடிவம் 2021 செப்டம்பரில் கைவிடப்பட்டு, அமெரிக்கா, பிரிட்டனுடனான ஆக்கஸ் உடன்பாட்டின்கீழ் அணுசக்தி நீர்மூழ்கிகளை நோக்கி ஆஸ்திரேலியா திரும்பியது. 2024 இறுதியில், சில கப்பல்களில் முன்பு காணாத அளவு துரு தென்பட்டதை அடுத்து, காலின்ஸ் பராமரிப்பு அரசின் தனிக் கண்காணிப்பின்கீழ் வந்தது. புதியவை வரும்வரை காலின்ஸ் கப்பல்களின் ஆயுளை நீட்டிக்கும் வேலைக்கு, ஃபார்ன்கோமில் தொடங்கி, 2026 குறிக்கப்பட்டது.