பஞ்சம் இட்ட குறி

ஆழ்வார்திருநகரி தாமிரபரணியின் தென்கரையில் நெல் விளையும் ஊர். வடக்கே சென்றால் வானம் பார்த்த கரிசல் பூமி. தெற்கே செம்மணல் தேரி. ஆற்றுநீர் கண்ட நிலமும் காணாத நிலமும் இத்துணை அருகருகே கிடப்பதால், பஞ்சம் என்னும் சொல்லின் பொருள் இப்பகுதியினருக்கு விளக்காமலே விளங்கும்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டியது தாது வருஷப் பஞ்சம். நிவாரண வேலை செய்பவனுக்கு நாளொன்றுக்கு ஒரு இராத்தல் தானியமும் சிறிது காசும் போதுமென 1877-இல் சர் ரிச்சர்ட் டெம்பிள் விதித்தார். மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் அதனை எதிர்த்தார். அவ்வாதம் உழைப்பவன் உடலைப் பற்றியது. கருவிலிருந்த சிசுவின் கணக்கை அறிவியல் எழுதத் தொடங்கியதோ நெடுங்காலம் கழித்தே.

1944-45 குளிர்காலத்தில் ஹாலந்தின் மேற்குப் பகுதி பட்டினி கிடந்தது. அதனைக் கருவின் தொடக்க மாதங்களில் கண்டவரிடையே பிற்காலத்தில் இருதய நோய் மிகுந்திருந்தது. அப்பட்டினியில் கருவுற்ற பிள்ளைகளிடம், வளர்ச்சியை ஆளும் ஐ.ஜி.எஃப்.2 மரபணுவின் மீதுள்ள மெதில் குறிகள், பஞ்சம் காணாத உடன்பிறந்தாரைவிடக் குறைந்திருந்ததை 2008-இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

அரபு பயின்றோர்க்கு இது எளிதில் புலப்படும். காஃப், தா, பா என மூன்றே எழுத்துகள். மேலும் கீழும் இடும் குறி மாறினால் ‘கதப’ (எழுதினான்) என்பது ‘குதிப’ (எழுதப்பட்டது) ஆகும். ‘குதுப்’ (நூல்கள்) எனவும் ஆகும். மரபணுவும் அத்தகையதே. எழுத்து அப்படியே நிற்க, குறி அதன் வாசிப்பை மாற்றுகிறது.

நம் நாட்டுச் சான்றும் உண்டு. மைசூர் மிஷன் மருத்துவமனையில் 1934 முதல் 1954 வரை பிறந்த 517 பேரை ஆராய்ந்து 1996-இல் வெளியிட்டனர். பிறக்கையில் இரண்டரைக் கிலோவோ அதற்குக் குறைவாகவோ இருந்தோரில் நூற்றுக்குப் பதினொருவருக்கு இருதய நோய் இருந்தது. மூன்று கிலோவுக்கு மேல் இருந்தோரில் மூவருக்கே. புனே அருகேயுள்ள சிற்றூர்களில் 1993-இல் தொடங்கிய ஆய்வோ, நம் சிசுக்கள் எடையில் மெலிந்திருந்தும் உடலில் கொழுப்பு குறையாதிருப்பதைக் கண்டது. நீரிழிவின் வித்து அங்கேயே விழக்கூடும்.

குறிகளே நோய்க்கு முழுக்காரணம் என அறிவியலார் முடிவு கட்டவில்லை. பின்னாளைய உணவும் உழைப்பும் புகைப்பழக்கமும் பெரும்பங்கு உடையவை. ஆதலின் இதனை ஊழ் என்று கருதிக் கைகட்டியிருத்தல் தகாது. ஆயினும் ஐம்பது வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருபவனை, ‘உன் நாவால் வந்த வினை’ என்று மட்டும் இடித்துரைப்பதும் நீதியாகாது. அவன் பிறக்கும் முன்பே அவன் தாய்க்கு மறுக்கப்பட்ட சோறும் அக்கணக்கில் உண்டு. வீட்டார் அனைவரும் உண்டபின் எஞ்சியதைக் கர்ப்பிணி உண்ணும் வழக்கம் எங்கெல்லாம் உளதோ, அங்கெல்லாம் பஞ்சம் இன்னும் முடியவில்லை.